குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸின் வம்சாவளியைப் படிப்பது எப்படி? மடிக்கணினியிலேயே செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1840களில் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் அதோடு நின்றது. ஆனால் தீவில் குதிரைகள் இல்லாமல் போய்விடவில்லை. சிங்கப்பூர் போலோ கிளப், சவாரிப் பள்ளிகள் என்று லாயங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே நிற்கும் குதிரைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் பிறந்து விமானமேறி வந்தவை. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு வைரஸ் வரலாற்றையும் சுமந்து வந்திருக்கும்.

அந்த வரலாற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. உயிரியலில் மேல்நிலைப்பள்ளி அளவு அறிமுகமும், ஓரளவு நல்ல மடிக்கணினியும், ஒரு வார இறுதியும் போதும். ஆய்வகம் தேவையில்லை. பொதுத்தளத்தில் கிடக்கும் மரபணுத் தொடர்களை வைத்தே வேலையைச் செய்யலாம். பாலிடெக்னிக்கில் கால்நடைத் தொழில்நுட்பம் படிப்பவர்களும், லாயத்தில் வேலை செய்துகொண்டே 'இந்த வைரஸ் எங்கிருந்துதான் வருகிறது?' என்று யோசிப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்று எண்ணி எழுதுகிறேன்.

படி 1: எந்த வைரஸ் என்று முதலில் தெளிவாகுங்கள்

'குதிரைக்கு ஹெர்ப்பிஸ்' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. குதிரைக் குடும்ப ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் (சுருக்கமாக இஎச்வி) என்று ஒன்பது எண்ணிடப்பட்டுள்ளன. இவை இரண்டு பெரிய கிளைகளில் அடங்கும்.

ஆல்ஃபா கிளையில் 1, 3, 4, 6, 8, 9. இவற்றில் இஎச்வி-1தான் பெரிய தொல்லை. மூச்சுக்குழாய் நோய், சினைக்குதிரைக்குக் கடைசி மாதங்களில் கருச்சிதைவு, பின்னங்கால் தள்ளாட்டத்தில் தொடங்கிக் குதிரையைப் படுக்கவைத்துவிடும் நரம்பு நோய் மூன்றையும் இது கொண்டுவரும். இஎச்வி-4 பெரும்பாலும் குட்டிகளுக்குச் சளியோடு நின்றுவிடும். இஎச்வி-3 இனச்சேர்க்கையில் தொற்றும் புண் நோய். 6உம் 8உம் கழுதைகளோடு பிணைந்தவை. இஎச்வி-9 ஜப்பானில் ஒரு விலங்குத் தோட்டத்து மான்களில் கண்டுபிடிக்கப்பட்டது.

காமா கிளையில் 2, 5, 7. வளர்ந்த குதிரைகளில் 2உம் 5உம் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும். பல நேரம் எந்த நோயும் தெரியாது. இஎச்வி-5 மட்டும் நுரையீரலில் கட்டிகட்டியாக நார் படரும் ஒரு நோயோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

இஎச்வி-1, இஎச்வி-4 இரண்டும் தனித்தனி வைரஸ்கள் என்பதே 1981 வாக்கில்தான் உறுதியானது. அதுவரை ஒரே வைரஸின் இரண்டு துணைவகைகள் என்றுதான் எழுதினார்கள். டிஎன்ஏவை நொதிகளால் வெட்டி, துண்டுகள் விழும் வரிசையைப் பார்த்தபோதுதான் இவை வேறுவேறு என்று தெரிந்தது. ஆகவே பழைய கட்டுரைகளில் 'இஎச்வி-1 துணைவகை 2' என்று வந்தால் அது இன்றைய இஎச்வி-4. இதைக் கவனிக்காமல் பழைய தரவை இழுத்துப் போட்டால் வரையப்போகும் வம்சாவளி மரம் முதலிலேயே கோணலாகிவிடும்.

இந்த வழிகாட்டியில் இஎச்வி-1ஐ எடுத்துக்கொள்வோம். தரவும் அதிகம், கேள்விகளும் அதிகம்.

படி 2: தொடர்களைச் சேகரியுங்கள், கூடவே ஒரு பதிவேடும் வையுங்கள்

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தொடர்த் தளத்தில் முதலில் ஏபி4 என்ற வகையைத் தேடி எடுங்கள். இங்கிலாந்தில் முடங்கிப்போன ஒரு குதிரையிலிருந்து எடுக்கப்பட்டது இது. 1992இல் முழுத்தொடரும் வெளியானது: 1,50,223 டிஎன்ஏ எழுத்துகள், 76 வெவ்வேறு மரபணுக்கள். இன்றும் இதுதான் அளவுகோல். அடுத்து வி592. கருச்சிதைவுப் பரவல் ஒன்றில் கிடைத்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். ஒன்று குதிரையை முடக்கியது, மற்றொன்று கருவைக் கலைத்தது. எழுத்து வேறுபாடோ இவ்வளவு குறைவு. ஆராய்ச்சியாளர்கள் இந்த ஜோடியை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் 'முழுத்தொகுதி' (complete genome, வைரஸின் மொத்த டிஎன்ஏ தொடர்) என்று குறிக்கப்பட்ட மற்ற இஎச்வி-1 தொடர்களையும் சேருங்கள். வெளிக்குழுவாக, அதாவது மரத்தின் வேர் எந்தப் பக்கம் என்று காட்டும் உறவுக்கார வைரஸ்களாக, இஎச்வி-8, இஎச்வி-9 இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இஎச்வி-4ஐ வெளிக்குழுவாகப் போட வேண்டாம். அது தூரத்து உறவு, கிளைநீளத்தை இழுத்துவிடும்.

இரண்டு வகைகளை ஒதுக்கிவிடுங்கள். கென்டக்கி ஏ, ராக்எச் என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். இவை ஆய்வக உயிரணுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து எடுக்கப்பட்டவை. அப்படி வளர்க்கும்போது கென்டக்கி ஏ சில மரபணுக்களையே இழந்துவிட்டது. ராக்எச்சிலும் ஒரு மரபணுவின் இரு நகல்களும் இல்லை. இவை இயற்கையில் நடந்த பரிணாமம் அல்ல. கண்ணாடிக் குடுவைக்குள் நடந்தவை.

பதிவேட்டில் ஒவ்வொரு தொடருக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: மாதிரி எடுத்த ஆண்டு, நாடு, விலங்கு, நோயின் வடிவம், நேரடி மாதிரியா அல்லது ஆய்வகத்தில் வளர்த்ததா என்பது. முடிந்தால் ஆறாவதாகக் குதிரை பிறந்த நாடு. இந்த ஆறாவது பத்தி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும் பத்தியை வையுங்கள். ஏன் என்று ஏழாம் படியில் தெரியும்.

படி 3: இரட்டைப் பகுதியை வெட்டுங்கள்

இஎச்வி-1 தொகுதியின் அமைப்பு இது: நீளமான தனித்த பகுதி 1,12,870 எழுத்துகள், குட்டையான தனித்த பகுதி 11,861 எழுத்துகள். குட்டைப் பகுதியின் இருபுறமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கும் இரண்டு நகல்கள், ஒவ்வொன்றும் 12,714 எழுத்துகள். நீளப் பகுதியின் இரு ஓரங்களிலும் 32 எழுத்துச் சிறு நகல்கள். எல்லாவற்றையும் கூட்டினால் மேலே சொன்ன 1,50,223 வரும். கூட்டிப் பாருங்கள்.

அந்த 12,714 எழுத்து நகல்களில் கடைசியில் இருப்பதை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் ஒரே மாற்றம் இரண்டு முறை எண்ணப்படும். அதோடு ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்களையும் மறைத்துவிடுங்கள். டிஎன்ஏவைச் சிறுசிறு துண்டுகளாகப் படிக்கும் கருவிகள் இந்த இடங்களில் எண்ணிக்கையைத் தப்பாகத் தரும். அங்கே தெரியும் 'பன்முகத்தன்மை'யில் பாதி கருவியின் கைவண்ணம்.

படி 4: வரிசைப்படுத்தி, அந்த ஒற்றை எழுத்தைக் கண்ணால் பாருங்கள்

தொடர்களை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி வரிசைப்படுத்த, மாஃப்ட் மென்பொருளில் தானியங்கித் தெரிவைக் கொடுத்தாலே இந்த அளவுத் தரவுக்குப் போதும். வரிசைப்படுத்தியதும் மரத்துக்கு ஓடிவிட வேண்டாம். முதலில் ஒரு மரபணுவைக் கையால் திறந்து பார்ப்போம்.

ஓஆர்எஃப்30 என்பது வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதிக்கான மரபணு. இதன் குறியீட்டுப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக இறக்குங்கள். முழுத்தொகுதியில் இது எதிர்த்திசையில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் முழுக்கோப்பில் நேராக எண்ணினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.

இப்போது எண்ணுங்கள். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். 751 அமிலங்களுக்கு 751 பெருக்கல் 3, அதாவது 2,253 எழுத்துகள். ஆகவே 2,254ஆவது எழுத்து 752ஆவது அமிலத்தின் முதல் எழுத்து. அங்கே ஏ இருந்தால் அஸ்பராஜின். ஜி இருந்தால் அஸ்பார்டிக் அமிலம். வி592இல் ஏ, ஏபி4இல் ஜி. உங்கள் திரையில் இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள், அந்த ஒரு கட்டம் மட்டும் நிறம் மாறித் தெரியும்.

2006இல் வெளியான ஆய்வு ஒன்று, நரம்பு நோய்ப் பரவல்களில் கிடைத்த வைரஸ்களில் ஜி எழுத்து மிக அதிகம் என்று காட்டியது. அடுத்த ஆண்டே, இந்த ஒரு எழுத்தை மாற்றினால் நோயின் போக்கு மாறுகிறது என்று பரிசோதனையும் காட்டியது. அதிலிருந்து ஜி உள்ளதை 'நரம்பு வகை' என்றும், ஏ உள்ளதைச் 'சாதாரண வகை' என்றும் அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆய்வக அறிக்கையில் இந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் முதலில் தேடுவார்கள்.

இந்தப் பெயர் சூட்டல் எனக்கு உவப்பில்லை. நரம்பு நோய் வந்த குதிரைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை ஏ எழுத்து வைரஸ்தான் கிடைத்திருக்கிறது. ஜி எழுத்து வைரஸ் தொற்றியும் வெறும் காய்ச்சலோடு எழுந்து நடந்த குதிரைகளும் ஏராளம். குதிரையின் வயது, இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, எத்தனை நாள் என்பவையும் கணக்கில் வருகின்றன. 'சாதாரண வகைதான், பயமில்லை' என்று யாராவது லாயக் கதவைத் திறந்துவிட்டால் இந்தப் பெயர்தான் குற்றவாளி.

இன்னொன்று. 2018இல் பிரான்சில் கிடைத்த ஒரு வைரஸில் அதே இடத்தில் சி எழுத்து இருந்தது. அமிலம் ஹிஸ்டிடின் ஆகிவிட்டது. ஏ அல்லது ஜி என்று இரண்டை மட்டும் தேடும் சோதனையில் இது நழுவக்கூடும். ஆகவே உங்கள் பட்டியலிலும் 'ஏ, ஜி, மற்றவை' என்று மூன்று பத்திகள் இருக்கட்டும்.

படி 5: மரம் வரையுங்கள்

ஐகியூ-ட்ரீ என்ற மரம் வரையும் மென்பொருளில் கோப்பைக் கொடுத்து, பொருத்தமான மாற்ற மாதிரியை அதையே தேர்வு செய்யவிடுங்கள். அதிவேக பூட்ஸ்ட்ராப் (ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் மறுசோதனை) 1,000 முறை. இஎச்வி-8, 9 இருக்கும் பக்கத்தில் வேரை வையுங்கள். கிளைக் கணுவில் 95க்கு மேல் இருந்தால் நம்பலாம். அதற்குக் கீழே இருப்பதை வைத்துக் கதை கட்ட வேண்டாம்.

முன்பெல்லாம் ஓஆர்எஃப்68 என்ற ஒரு மரபணுவின் சிறு பகுதியை மட்டும் பார்த்து இஎச்வி-1ஐ ஆறு குழுக்களாகப் பிரித்தார்கள். செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் பிரிட்டனின் பல பத்தாண்டு மாதிரிகளை முழுத்தொகுதியாகப் படித்து 2018இல் வெளியிட்டபோது 13 கிளைகள் கிடைத்தன. ஓஆர்எஃப்68 குழுக்கள் அந்தக் கிளைகளோடு ஒத்துப்போகவில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஓஆர்எஃப்68ஐ மட்டும் வெட்டி ஒரு மரம், முழுத்தொகுதிக்கு ஒரு மரம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு முழு மரத்தின் நுனிகளுக்கு இரண்டு முறை நிறம் தீட்டுங்கள்: ஒருமுறை நோயின் வடிவத்தை வைத்து, மறுமுறை 2,254ஆவது எழுத்தை வைத்து. நரம்பு நோயெல்லாம் ஒரே கிளையில் கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரே கிளைக்குள் கருச்சிதைவும் காய்ச்சலும் தள்ளாட்டமும் கலந்து கிடக்கும்.

படி 6: கிளைகள் மறுபடி ஒட்டிக்கொண்டனவா என்று பாருங்கள்

ஒரே குதிரையின் ஒரே உயிரணுவில் இரண்டு வைரஸ் வகைகள் சந்தித்தால் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். இதுதான் மறுகூட்டிணைவு. அது நடந்துவிட்டால் வம்சாவளி பனைமரம்போல் நேராக நிற்காது, விழுதுவிட்ட ஆலமரமாகிவிடும். ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ மென்பொருளில் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். கோடுகள் வலைபோல் பின்னிக்கொண்டிருந்தால் மறுகூட்டிணைவைச் சந்தேகியுங்கள். ஆர்டிபி மென்பொருள் எந்த இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டது என்று காட்டும்.

இங்கே இஎச்வி-1க்கும் இஎச்வி-4க்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆஸ்திரேலிய மாதிரிகளை முழுத்தொகுதியாக ஆராய்ந்தபோது, இஎச்வி-4 வகைகளுக்கிடையே மறுகூட்டிணைவு தாராளமாகக் காணப்பட்டது. இஎச்வி-1இல் மிகக் குறைவு. சிங்கப்பூர்க்காரர்கள் இதில் கவனம் வைப்பது நல்லது. இங்கு வந்த பந்தயக் குதிரைகளில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. இஎச்வி-4ஐ ஆராயப் போகிறீர்கள் என்றால் இந்தப் படியை ஐந்தாம் படிக்கு முன்னால் செய்யுங்கள்.

இனம் தாண்டிய கலப்புக்கு மறக்கமுடியாத உதாரணம் ஜெர்மனியின் வுப்பர்டால் விலங்குத் தோட்டம். 2010இல் அங்கிருந்த யெர்கா என்ற பெண் பனிக்கரடி மூளை அழற்சியில் இறந்தது. உடலில் கிடைத்தது குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ். அதுவும் வரிக்குதிரை வழி வந்த இஎச்வி-1இல் இஎச்வி-9இன் ஒரு துண்டு ஒட்டிய கலப்பு வகை. நம் மண்டாய் விலங்குத் தோட்டத்துப் பனிக்கரடி இனுகாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். ஒரு விலங்கில் சமாதானமாக இருக்கும் வைரஸ் இன்னொன்றில் என்ன செய்யும் என்று மரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

காமா வைரஸ்களைப் பற்றி இரண்டே வரி: இஎச்வி-2இன் தொகுதி 1,84,427 எழுத்துகள். ஒரே குதிரையில் பல வகைகள் ஒன்றாகக் குடியிருக்கும், ஆகவே 'ஒரு குதிரை, ஒரு தொடர்' என்ற கணக்கு அங்கே செல்லாது. நோய் எதிர்ப்பை அடக்கும் இன்டர்லூகின்-10 என்ற புரதத்துக்கான மரபணுவைக்கூட விலங்கிடமிருந்தே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. பரிணாமத்தில் திருட்டும் ஒரு வழிதான்.

படி 7: ஆண்டுக்கணக்குப் போடும்முன் நின்று யோசியுங்கள்

கொரோனாக் காலத்தில் நாம் எல்லாரும் வைரஸ் மரங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். மாதிரி எடுத்த தேதி, மாற்றங்களின் எண்ணிக்கை, அதிலிருந்து பரவலின் வயது. அதே சூத்திரத்தை இங்கே போட்டால் வழுக்கிவிடும்.

முதல் காரணம், வேகம். ஆர்என்ஏ வைரஸ்கள் பிழைதிருத்தம் குறைவாக அவசரமாகப் படியெடுப்பவை. ஹெர்ப்பிஸ் டிஎன்ஏ வைரஸ், அதன் பாலிமரேஸ் எழுதியதைத் திருத்தியும் பார்க்கும். அதனால் மாற்றம் மெல்ல வருகிறது. சில பத்தாண்டு மாதிரிகளுக்குள் கடிகாரம் ஓடுவதே தெரியாமல் போகலாம்.

இரண்டாவது காரணம்தான் உண்மையான சிக்கல். இந்த வைரஸ் ஒளிந்துகொள்ளும். முகத்தின் முக்கிளை நரம்பு முடிச்சிலும் நிணநீர் உயிரணுக்களிலும் ஆண்டுக்கணக்கில் படியெடுக்காமல் தூங்கும். தூங்கும் வைரஸில் மாற்றம் சேராது.

ஒரு குதிரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியப் பண்ணையில் பிறந்து, பால்குடி மறக்கும் முன்பே தாயிடமிருந்தோ பக்கத்துக் குட்டியிடமிருந்தோ வைரஸைப் பெறுகிறது. மூன்று வயதில் விமானமேறி இங்கே வருகிறது. சில ஆண்டுகள் ஓடி ஓய்வு பெற்று, சவாரிப் பள்ளிக்கு மாறுகிறது. இடமாற்றம், புதிய கூட்டம், வெயில் எல்லாம் சேர்ந்து அழுத்தம் கொடுக்க, பன்னிரண்டாம் வயதில் வைரஸ் விழித்துக்கொள்கிறது. மூக்கில் எடுத்த மாதிரியின் சீட்டில் 'சிங்கப்பூர்' என்றும் இந்த ஆண்டும் எழுதப்படும். ஆனால் அந்தத் தொடர் சொல்வது பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய ஆஸ்திரேலியக் கதையை. அதே குதிரை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போயிருந்தால் சீட்டில் 'மலேசியா' என்று இருந்திருக்கும், வைரஸ் அதேதான்.

சீட்டில் உள்ள இடத்தையும் தேதியையும் வைத்துப் பயணப்பாதை வரைவதுதான் இந்தத் துறையில் எளிதாகச் செய்யக்கூடிய தப்பு. இரண்டாம் படியில் ஆறாவது பத்தியை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தொடர் எந்தக் கிளையில் விழுகிறது என்பதைக் குதிரை பிறந்த நாட்டோடு ஒப்பிடுங்கள், நின்ற நாட்டோடு அல்ல.

டெம்பெஸ்ட் மென்பொருளில் வேரிலிருந்து நுனிவரை உள்ள தூரத்தை ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். புள்ளிகள் சாய்ந்த கோட்டில் அமையாமல் சிதறிக் கிடந்தால், ஆண்டுக்கணக்கு போடுவதை அத்தோடு விட்டுவிடுங்கள். கணினி எப்படியும் ஓர் எண்ணைத் தரும். அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

படி 8: மரத்திலிருந்து லாயத்துக்கு

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியாவில் நடந்த தாண்டுதல் போட்டித் தொடரில் இஎச்வி-1 வெடித்தது. குதிரைகள் வீடு திரும்பியபோது நோயும் பல நாடுகளுக்குப் போனது. அந்தப் பரவலோடு தொடர்புடையதாக 18 குதிரைகள் இறந்தன. ஐரோப்பாவில் சர்வதேசப் போட்டிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. அத்தனை குதிரைகளை நெருக்கி நிறுத்தியதும் சாவுகளுக்கு ஒரு காரணம். வைரஸின் எந்த எழுத்தும் அதைத் தனியாகச் செய்துவிடவில்லை.

ஆகவே காய்ச்சல் கண்ட குதிரையின் வகை என்ன என்று அறிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே தனியே கட்டுங்கள். தனி வாளி, தனித் துடைப்பான், தனிக் கையுறை. அந்தக் குதிரையைப் பார்ப்பவர் மற்றவற்றைத் தொட வேண்டாம், ஆள் இல்லையென்றால் அதைக் கடைசியில் பார்க்கட்டும். லாயத்தில் எல்லாக் குதிரைக்கும் காலை மாலை இருவேளை வெப்பம் பார்த்து எழுதுங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு குறைந்தது 21 நாள் புதிதாக யாருக்கும் வராமல் இருக்க வேண்டும், 28 நாள் என்றால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் குதிரை இறக்குமதி, தனிமைப்படுத்தல் விதிகளைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவப் பிரிவு கவனிக்கிறது. நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. மூக்குப் பஞ்சு ஒன்று, உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் எடுத்த இரத்தம் ஒன்று, இரண்டையும் கேளுங்கள். மூக்கில் வைரஸ் மறைந்த பிறகும் இரத்தத்தில் கிடைக்கலாம். குளிரில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், உறையவைக்காமல். இஎச்வி-1க்கும் இஎச்வி-4க்கும் தனித்தனியாகப் பிசிஆர் செய்யப்படுமா, மிச்ச டிஎன்ஏவைச் சேமித்து வைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சீட்டில் குதிரை பிறந்த நாட்டையும் இங்கு வந்த ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் குறிப்புப் பகுதியில் எழுதலாம்.